இரண்டு முறை ஃபார்மட், மூன்றாவது முறையும் நீலத்திரை

எனக்கு வந்த கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடப் பழக்கமுள்ள லேப்டாப், விண்டோஸ் 11. மூடி வைத்துவிட்டு அரைமணி கழித்துத் திறந்தால் பல நேரம் எழுந்துகொள்வதில்லை. கொஞ்ச நேரம் இருட்டு, அப்புறம் நீலத்திரை, அதில் 'டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்' என்று ஒரு வரி. கடையில் இரண்டு முறை ஃபார்மட் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு தடவையும் மூன்றே நாளில் திரும்ப வந்துவிட்டது. இப்போது ரேம் போயிருக்கும், மாற்ற 3,500 ரூபாய் ஆகும் என்கிறார்கள். மாற்றலாமா?

வேண்டாம். இப்போதைக்குக் கண்டிப்பாக வேண்டாம். உங்கள் கணினி தன் வாயாலேயே 'டிரைவர்' என்று சொல்கிறது. அதைக் கேட்காமல் ரேமைக் கழற்றுவானேன்? ஃபார்மட் ஏன் உதவவில்லை என்பதற்கும் காரணம் எளிது. விண்டோஸைப் புதிதாகப் போட்டு வைஃபையை இணைத்ததும், விண்டோஸ் அப்டேட் உங்கள் லேப்டாப்பில் என்னென்ன சாதனங்கள் இருக்கின்றன என்று பார்த்து, அவற்றுக்கான டிரைவர்களைத் தானே இறக்கிப் போட்டுவிடும். கோளாறான டிரைவர் அதில் ஒன்றாக இருந்தால் அதுவும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். போதாக்குறைக்கு, ஃபார்மட் இரண்டு நல்ல விஷயங்களை அழித்துவிட்டது. ஒன்று, ஒவ்வொரு முறை விழுந்தபோதும் அந்தக் கணத்தில் நினைவகத்தில் இருந்ததை விண்டோஸ் எழுதி வைத்த டம்ப் ஃபைல்கள். இன்னொன்று, பழைய டிரைவருக்குத் திரும்பும் வழி. சாதனங்களையும் அவற்றின் டிரைவர்களையும் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பார்த்தால் 'ரோல் பேக் டிரைவர்' பொத்தான் இப்போது மங்கலாகக் கிடக்கும். திரும்பிப் போக முந்தைய பதிப்பு எதுவும் இல்லை.

டிரைவர் என்பது சாதனத்துக்கும் விண்டோஸுக்கும் நடுவில் நிற்கும் மென்பொருள். பிரௌசரோ எக்செலோ பிழை செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும், மற்றதெல்லாம் ஓடும். பெரும்பாலான டிரைவர்கள் அப்படியில்லை. அவை கெர்னலுக்குள், விண்டோஸின் கருவறைக்குள்ளேயே ஓடுகின்றன. அங்கே ஒரு நினைவக முகவரியைத் தவறாகத் தொட்டாலும் தடுக்க ஆளில்லை. அதற்கு மேல் ஓடவிட்டால் கெட்டுப்போன தரவை வட்டில் எழுதிவிடும் அபாயம் இருப்பதால், விண்டோஸ் எல்லாவற்றையும் அங்கேயே நிறுத்திவிடுகிறது. அந்த நிறுத்தம்தான் நீலத்திரை. 2025இல் விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் அதைக் கருப்பாக்கிவிட்டார்கள், ஆனால் பழக்கத்தில் நீலம் என்றே சொல்கிறேன். இது அபூர்வமான நோயும் இல்லை. 2003இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், விண்டோஸ் எக்ஸ்பியில் பதிவான செயலிழப்புகளில் 85 சதவீதம் டிரைவர்களால் வந்தவை என்று இருக்கிறது. அதன் பிறகு விண்டோஸ் எவ்வளவோ தேறிவிட்டது. விஸ்டாவிலிருந்து, திரை அட்டை 2 நொடிக்கு மேல் பதில் சொல்லாவிட்டால் கணினியை வீழ்த்தாமல் அந்த டிரைவரை மட்டும் உதறி எழுப்பப் பார்க்கிறது. அதுவும் பலிக்காதபோதுதான் 'வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்' என்று திரை வரும்.

உங்கள் பிழையை மட்டும் கொஞ்சம் நெருக்கமாகப் பார்ப்போம். லேப்டாப்பை மூடியதும் விண்டோஸ் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு ஓலை அனுப்புகிறது: 'தூங்கப் போகிறோம், உன் வேலையை முடித்துக்கொண்டு சொல்.' திறக்கும்போது இன்னொன்று: 'எழுந்திரு.' ஒவ்வொரு டிரைவரும் ஓலையை வாங்கி, ஆக வேண்டியதைச் செய்து, முடிந்தது என்று திருப்பித் தர வேண்டும். யாரோ ஒருவர் வாங்கி வைத்துக்கொண்டு தரவே இல்லை. விண்டோஸ் ஒரு கெடு வரை காத்திருந்து பார்க்கிறது, அப்புறம் கையை விரித்துவிடுகிறது. நீங்கள் பார்த்த அந்த இருட்டு நேரம்தான் இந்தக் காத்திருப்பு. என் அனுபவத்தில் ஓலையை அமுக்கி வைப்பது பெரும்பாலும் வைஃபை, ப்ளூடூத், ஈதர்நெட், யூஎஸ்பி சம்பந்தப்பட்ட டிரைவர்கள்தான். ரேமுக்கு இப்படித் தூக்கம் விழிப்பு பார்த்து மட்டும் பழுதாகும் குணம் கிடையாது. ரேம் கெட்டால் வேலை நடுவில், வீடியோ ஓடும்போது, ஜிப் ஃபைலைப் பிரிக்கும்போது என்று கண்ட நேரத்தில் விழும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழைப்பெயர் காட்டும்.

மற்ற பெயர்களையும் ஓரளவு தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. 'டிரைவர் ஐஆர்கியூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்' என்பது வாயில் நுழையாத பெயர்தான், ஆனால் விஷயம் இதுதான்: அவசர வேலையில் இருக்கும் டிரைவர், அந்த நேரத்தில் வட்டிலிருந்து எடுத்து வர வேண்டிய நினைவகத்தைத் தொட்டுவிட்டது. எண்ணெய் காய்ந்து புகையும்போது கடுகு வாங்கக் கடைக்கு ஓட முடியுமா? கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அந்த விதியை மீறிய டிரைவர் என்று பொருள்; நெட்வொர்க் டிரைவர்கள் இதில் அடிக்கடி மாட்டும். 'டிபிசி வாட்ச்டாக் வயலேஷன்' என்றால் அவசர வேலை என்று உள்ளே போன டிரைவர் வெளியே வராமல் இழுத்தடிக்கிறது. 'வியா அன்கரெக்டபிள் எரர்' வந்தால் டிரைவரைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அது புராசசரே கொடுக்கும் புகார், பெரும்பாலும் வன்பொருள், சூடு அல்லது ஓவர்கிளாக் (வரம்புக்கு மேல் வேகமாக ஓட்டுவது). அந்தத் திரையைக் காட்டி ஒருவர் ரேமையோ மதர்போர்டையோ சந்தேகித்தால் நானும் சேர்ந்து தலையாட்டுவேன்.

சரி, குற்றவாளியைப் பிடிப்பது எப்படி?

அடுத்த முறை விழும்போது தடயம் பதிவாகிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்டார்ட்டில் 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று தேடி, 'ஸ்டார்ட்அப் அண்டு ரெக்கவரி' பகுதிக்குப் போய், 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிடுங்கள். பிழைப்பெயரை நின்று நிதானமாகப் படிக்கலாம், படமும் எடுத்துக்கொள்ளலாம். கீழே டம்ப் வகையில் 'ஸ்மால் மெமரி டம்ப்' தேர்ந்தெடுங்கள். இனி ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற ஃபோல்டரில் தேதி போட்ட ஒரு ஃபைல் சேரும். 'குப்பை நீக்கும்' மென்பொருள் ஏதாவது வைத்திருந்தால் தூக்கிவிடுங்கள், அது முதலில் அழிப்பது இந்த ஃபைல்களைத்தான். எத்தனை முறை விழுந்தும் டம்ப் எதுவும் சேரவில்லை என்றால் அதுவே ஒரு துப்பு: எழுத வேண்டிய வட்டான எஸ்எஸ்டியே அந்தக் கணத்தில் காணாமல் போயிருக்கலாம். அப்போது பார்க்க வேண்டியது எஸ்எஸ்டியையும் அதன் டிரைவரையும்.

மூன்று டம்ப் சேரட்டும். ஒன்றை வைத்து யாரையும் குற்றம் சாட்டக் கூடாது. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் விண்டிபிஜி என்ற கருவி இலவசமாகக் கிடைக்கிறது. டம்ப் ஃபைலை முதலில் டெஸ்க்டாப்புக்கு நகல் எடுத்து, இணைய இணைப்போடு அதில் திறங்கள். கொஞ்ச நேரத்தில் 'அனலைஸ்' என்ற கட்டளை நீல நிற இணைப்பாக வந்து நிற்கும். எதையும் தட்ட வேண்டாம், அதைச் சொடுக்கினால் போதும். பக்கம் பக்கமாக எண்கள் ஓடும், பயப்படாதீர்கள். கடைசிப் பகுதியில் 'மாட்யூல் நேம்', 'இமேஜ் நேம்' என்று இரண்டு வரிகள் இருக்கும். நமக்கு வேண்டியது அவ்வளவுதான். இவ்வளவும் வேண்டாம் என்பவர்களுக்கு நிர்சாஃப்டின் ப்ளூஸ்கிரீன்வியூ என்ற சின்ன மென்பொருள் இருக்கிறது. எல்லா டம்ப்களையும் ஒரே பட்டியலாகக் காட்டும். ஆனால் அது ஊகம் செய்வதில் கொஞ்சம் அவசரக்குடுக்கை.

இங்கேதான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். அந்த வரியில் 'என்டிஓஎஸ் கெர்னல்' என்று வந்தால், விண்டோஸின் மையக் கோப்பே கெட்டுவிட்டது என்று முடிவு செய்து மறுபடியும் ஃபார்மட்டுக்கு ஓடுவார்கள். அது விண்டோஸின் கெர்னல். விசில் ஊதிய வாட்ச்மேன் அது, திருடன் வேறு ஆள். கெடுத்தது யாரோ, கெட்டுப்போனதைக் கண்டுபிடித்துக் கூச்சல் போட்டது கெர்னல். மாறாக என்விஎல்டி என்று தொடங்கும் பெயர் வந்தால் என்விடியா திரை டிரைவர், ஏஎம்டிகேஎம் என்று தொடங்கினால் ஏஎம்டி திரை டிரைவர், நெட்டபிள்யூடிடபிள்யூ என்று தொடங்கினால் இன்டெல் வைஃபை, ஆர்டி640 என்றால் ரியல்டெக் ஈதர்நெட். எதுவென்று தெரியாத பெயராக இருந்தால் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ் ஃபோல்டருக்குள் அந்த ஃபைலைத் தேடி, ப்ராப்பர்ட்டீஸில் 'டீடெய்ல்ஸ்' பாருங்கள். யாருடையது என்று எழுதியிருக்கும்.

டிரைவர்களின் தேதியைப் பார்த்து அதிர்ச்சி அடைபவர்களுக்கு ஒரு இடைச்செருகல். டிவைஸ் மேனேஜரில் பல டிரைவர்கள் 2006 ஜூன் 21 என்று காட்டும். பழசு என்று பதறி மாற்றப் போகாதீர்கள். விண்டோஸோடு வரும் டிரைவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே அந்தத் தேதியைப் போடுகிறது. நீங்கள் போட்ட தயாரிப்பாளரின் டிரைவரை அது தள்ளிவிடக் கூடாது என்பதற்காக. இன்டெல் சிப்செட் ஃபைல்களில் 1968 ஜூலை 18 என்றுகூடப் பார்க்கலாம். அது இன்டெல் நிறுவனம் தொடங்கிய நாள்.

டம்ப்பில் எப்போதும் கெர்னல் பெயரே வந்துகொண்டிருந்தால் என்ன செய்வது? இப்படி ஒன்று எனக்கு வாய்த்தது. தெரிந்தவர் ஒருவரின் ஆடிட்டர் அலுவலகம். ஒரே ஒரு கணினி மட்டும் நாளுக்கு இரண்டு முறை விழும், அதுவும் ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி வாரத்தில். ஐந்து டம்ப் எடுத்தேன். ஐந்திலும் ஐந்து வெவ்வேறு பிழைப்பெயர், ஐந்திலும் கெர்னல்தான் பலிகடா. எனக்கும் முதலில் ரேம் மேல்தான் சந்தேகம் போனது, சொல்லப்போனால் கடைக்காரரைப் போலவே. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 போட்டு இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் பார்த்தால் ஒரு பிழைகூட இல்லை. அப்புறம்தான் டிரைவர் வெரிஃபையரை எடுத்தேன். விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே உள்ளே இருக்கும் கருவி இது. சந்தேகப் பட்டியலில் உள்ள டிரைவர்கள் ஒவ்வொன்றையும் அடிக்கு அடி சோதித்து, விதியை மீறிய அந்தக் கணத்திலேயே கையும் களவுமாக நிறுத்தும். மைக்ரோசாஃப்ட் அல்லாத டிரைவர்களை மட்டும் டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தேன். டெஸ்க்டாப் வருவதற்குள் விழுந்தது. இந்த முறை பெயரோடு. இரண்டு வருடம் முன்பே அன்இன்ஸ்டால் செய்ததாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த ஒரு ஆன்டிவைரஸின் வடிகட்டி டிரைவர்! மென்பொருள் போய்விட்டது, அதன் டிரைவர் மட்டும் உள்ளே உட்கார்ந்து, வட்டுக்குப் போகிற வருகிற ஒவ்வொரு ஃபைலையும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியை, அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் எழும் சேஃப் மோடில் ஓட்டியதும் தொல்லை ஒழிந்தது. ரேம் இன்றும் அதே ரேம்தான்.

டிரைவர் என்றால் கண்ணுக்குத் தெரியும் சாதனம் ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஆன்டிவைரஸ், விபிஎன், ஆன்லைன் விளையாட்டுகளின் மோசடித் தடுப்பு எல்லாமே கெர்னலுக்குள் டிரைவரை வைத்திருக்கின்றன. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்ததும் இதே வகைதான். அதன் டிரைவர் முறையாக மைக்ரோசாஃப்டின் டிஜிட்டல் கையொப்பம் பெற்றது. அது படித்த தகவல் கோப்பில்தான் சிக்கல். 21 மதிப்புகள் எதிர்பார்த்த இடத்தில் 20தான் கொடுக்கப்பட்டிருந்தது, இல்லாத இருபத்தொன்றாவதைப் படிக்கப்போய் நினைவக எல்லையைத் தாண்டிவிட்டது. சரிசெய்தவர்கள் பெரும்பாலும் ஃபார்மட் போடவில்லை. சேஃப் மோடுக்குப் போய் அந்த ஒரே ஃபைலை அழித்தார்கள், அவ்வளவுதான். அவர்களைத் தாமதப்படுத்திய பெரிய தலைவலி, விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கர்: வட்டு பூட்டப்பட்டிருந்ததால் ஒவ்வொரு கணினிக்கும் 48 இலக்க ரெக்கவரி கீயைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

நீங்களும் அந்தச் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டுதான் வெரிஃபையர் பக்கம் போக வேண்டும். புது லேப்டாப்கள் பலவற்றில் நமக்குத் தெரியாமலே வட்டு பூட்டப்பட்டிருக்கும்; சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் இருக்கும். காகிதத்தில் எழுதி வையுங்கள், அதே லேப்டாப்பில் சேமித்து என்ன பயன்? முக்கியமான ஃபைல்களை வெளியே நகல் எடுங்கள். வெரிஃபையரால் கணினி டெஸ்க்டாப்புக்கே வராமல் சுற்றிச் சுற்றி விழுந்தால், இரண்டு மூன்று முறை தோற்றதும் பழுதுநீக்கும் திரை தானே வரும். அதில் 'ட்ரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' போய், ரீஸ்டார்ட் கொடுத்து எண் 4ஐ அழுத்தினால் சேஃப் மோட். அங்கே அட்மின் உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, வெரிஃபையர் என்று தட்டி, ஒரு இடைவெளி விட்டு, ஸ்லாஷ் போட்டு ஒட்டினாற்போல் ரீசெட் என்று ஆங்கிலத்தில் கொடுங்கள். பழைய நிலைக்கு வந்துவிடும். வேலை முடிந்ததும் மறக்காமல் இதைச் செய்யுங்கள், இல்லாவிட்டால் கணினி நிரந்தரமாக நொண்டும்.

உங்கள் விஷயத்தில் வெரிஃபையர் வரைக்கும் போகத் தேவைப்படாது என்று நினைக்கிறேன். ஓலையை அமுக்கியவர் யார் என்பது இந்தப் பிழையில் பெரும்பாலும் டம்ப்பிலேயே தெரிந்துவிடும். பெயர் தெரிந்ததும், லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து, அந்தச் சாதனத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் டிரைவரை எடுங்கள். எப்போதும் புதியதுதான் நல்லது என்பதில்லை. விண்டோஸ் அப்டேட் போட்டது புதிதாகவும் தயாரிப்பாளர் தருவது பழையதாகவும் இருந்தால், நான் முதலில் பழையதைத்தான் போட்டுப் பார்ப்பேன். உங்கள் மாடலில் தூக்கமும் விழிப்பும் சோதித்துப் பார்த்துக் கொடுத்தது அவர்கள்தான். போடுவதற்கு முன்னால் டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தை அன்இன்ஸ்டால் செய்யும்போது, டிரைவரையும் நீக்கும் டிக் பெட்டி வரும். அதைக் கட்டாயம் டிக் செய்யுங்கள். செய்யாவிட்டால் ரீஸ்டார்ட் ஆனதும் கிடங்கிலிருந்து அதே டிரைவரை விண்டோஸ் மறுபடி எடுத்து மாட்டிவிடும். திரை டிரைவராக இருந்தால் இது மட்டும் போதாது. டிடியூ என்று சுருக்கமாகச் சொல்லும் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலரை சேஃப் மோடில் ஓட்டிச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போடுவது நல்லது. 'உங்கள் 27 டிரைவர்கள் பழசு' என்று மிரட்டிப் பணம் கேட்கும் டிரைவர் அப்டேட்டர் மென்பொருள்களைக் கிட்டவே சேர்க்காதீர்கள். ஒரு டிரைவரால் விழும் கணினியில் இருபத்தேழை ஒரே நேரத்தில் மாற்றினால் எது கெடுத்தது, எது சரிசெய்தது என்று கடவுளுக்கே தெரியாது.

டம்ப் சேரும்வரை சும்மா இருக்க முடியாது என்றால், டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் 'பவர் மேனேஜ்மென்ட்' பகுதியில், மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துப் பாருங்கள். சில புது லேப்டாப்களில் அந்தப் பகுதியே இருக்காது, தேடி மெனக்கெட வேண்டாம். இன்னொன்று ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். அது இயங்கும்போது 'ஷட் டவுன்' கொடுத்தால் கெர்னல் முழுசாக அணைவதில்லை, வட்டில் அப்படியே உறைய வைக்கப்படுகிறது. மறுநாள் எழுப்பும்போது நேற்றைய டிரைவர்கள் நேற்றைய நிலையிலேயே எழுகின்றன. 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன், சரியாகலை' என்பவர்கள் பலரும் இதில்தான் ஏமாறுகிறார்கள். உண்மையில் புதிதாகத் தொடங்க 'ரீஸ்டார்ட்' கொடுக்க வேண்டும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை ஒரு வாரம் அணைத்து வைத்துப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

இவ்வளவுக்கும் மேல், கடைக்காரர் மூன்றாவது முறை ஃபார்மட் போட்டே தீருவேன் என்றால், ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மினிடம்ப் ஃபோல்டரை முதலில் பென்டிரைவில் நகல் எடுக்கச் சொல்லுங்கள். தயாரிப்பாளர் தளத்திலிருந்து வைஃபை, ப்ளூடூத், சிப்செட் டிரைவர்களையும் அதே பென்டிரைவில் தயாராக வையுங்கள். விண்டோஸ் போட்டு முடித்ததும் வைஃபையோ கேபிளோ இணைக்காமல், பென்டிரைவில் உள்ளவற்றை முதலில் நிறுவட்டும். அப்புறம் 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' ஜன்னலில் 'ஹார்டுவேர்' தாவலுக்குப் போய், 'டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ்' என்பதில் 'நோ' கொடுத்துவிட்டு இணையத்தை இணைக்கட்டும். நான்கு நாள் மூடித் திறந்து பாருங்கள். அதன் பிறகும் விழுந்தால் புது டம்ப்பில் வரும் பெயரை அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம்.